முல்லைற்றுக்கு ஒரு சிட்டிகைத் திருநீறு

தேநீர் வெறும் தேநீராக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும், டொக்டர் ஸும்றா. என் மனைவி நாகேஸ்வரிக்குச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சீனிப் போத்தல் வைப்பதில்லை. பேரீச்சம்பழம் இருக்கிறது, வேண்டுமானால் ஒன்றைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். அறைக் கதவை நான்தான் சாத்தினேன். அவள் உள்ளே படுத்திருக்கிறாள். நாம் மெதுவாகக் கதைத்தால் அவளுக்குக் கேட்காது. ரயில் போகும்போது மட்டும் கொஞ்சம் பொறுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கியவர்கள் எல்லோரும் பாதிப் பேச்சில் நிறுத்தப் பழகியவர்கள்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. நீங்கள் கொண்டுவந்த பெட்டியிலிருந்து மகன் ராகுலனின் போத்தலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், இந்தக் கழுத்துல ஒட்டியிருக்கிற தூள் என்ன?" என்றீர்கள். நான் பம்பலப்பிட்டியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாகப் பதில் எழுதிய பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி போட்டதே இல்லை. ஆகையால் என் பதிலும் சற்று நீளமாகத்தான் இருக்கும்.

அது திருநீறு.

ராகுலனின் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்கிற உங்களுக்கே நான் முல்லைற்றைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் எனக்கு எவ்வளவு விளங்கியிருந்தது என்பது இந்த விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். போக்சைற்றுத் தாதுவில் உள்ள அலுமினாவும் சிலிக்காவும் பெருஞ்சூட்டில் சேர்ந்தால் முல்லைற்று உண்டாகிறது. ஊசி ஊசியாக வளரும் பளிங்கு அது. அந்த ஊசிகள் ஒன்றையொன்று கோர்த்துப் பிடித்துக்கொள்வதால்தான் உலைக்குள் கட்டும் செங்கல் அந்தச் சூட்டிலும் இளகாமல் நிற்கிறது. ஆனால் போக்சைற்று சுத்தமாக வருவதில்லை. இரும்பும் தைத்தேனியமும் கூடவே வரும். அவை மரியாதையான வாடகைக்காரர்கள். அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒதுங்கி இருந்துகொள்ளும். பளிங்கின் அறை அணுவளவு உப்பிக் கொடுக்கும், வீடு இடிந்து விழாது. எவ்வளவு இரும்புக்கு எவ்வளவு உப்புகிறது என்பதுதான் ராகுலனின் கேள்வி.

பொற்றாசியம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அது பருமன். பளிங்குக்குள் அதற்கு இருக்கை கிடையாது. வெளியே நின்றபடியே சிலிக்காவை இழுத்துக்கொண்டு கண்ணாடியாக உருகிவிடும். சிலிக்கா போய்விட்டால் முல்லைற்று ஏது? ஊசிகள் கரைந்து, அலுமினாவும் கண்ணாடியும்தான் மிஞ்சும். இதற்கு அதிகம் தேவையில்லை, ஒரு சிட்டிகை போதும்.

வீட்டுச் சாம்பல் எதுவாக இருந்தாலும் அதில் பொற்றாசியம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாகேஸ்வரிக்குத் தெரியாது. அவளுக்கு மகன் ஏதோ முல்லைப் பூவைப் பற்றிப் படிக்கிறான் என்றுதான் முதலில் எண்ணம். கோயிலில் நாலு பேருக்கு அப்படியே சொல்லியும் இருக்கிறாள். நான் திருத்தவில்லை. அவளுடைய சந்தோஷங்களைத் திருத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

இனி அந்தப் பெட்டி. உங்கள் ஆய்வுகூடத்து உலை பழுதாகி, திருத்தச் சாமான் வராமல் கிடந்தது. பெற்றோல் வரிசைகள் முடிந்திருந்த காலம், ஆனால் எதுவும் ஒழுங்காக வந்து சேராத காலம். வத்தளைக்கு அப்பால் ஒரு செங்கல் தொழிற்சாலை சனிக்கிழமைகளில் தங்கள் உலையைத் தர ஒப்புக்கொண்டது. அதனால் வெள்ளி மாலை ராகுலன் அரைத்து நிறுத்த தூள்களைச் சின்னச் சின்னப் போத்தல்களில் போட்டு, பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான். எறும்பும் ஈரமும் அண்டாத இடம் சாமித் தட்டுக்குக் கீழே உள்ள மேசைதான். அங்கே வைத்தான். காலையில் குளித்துவிட்டு வந்து, போத்தல்களை ஒவ்வொன்றாக நன்றாகக் குலுக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீர்கொழும்பு வீதி பஸ் பிடிக்கப் போனான். அங்கே அவற்றை வில்லைகளாக அழுத்துவான். உலைக்குப் பொறுப்பான பழனிமுத்து சுட்டுக் கொடுப்பார்.

அவன் குளிக்கும் நேரத்தில் நாகேஸ்வரி சாமி கும்பிடுவாள். பரீட்சைக்குப் போகும் பேனைக்குத் திருநீறு, புதுக் காருக்குத் திருநீறு, டொக்டர் எழுதித் தந்த குளிசைப் பெட்டிக்குத் திருநீறு. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் நெற்றியிலும் மூன்று கோடு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முதல் சனிக்கிழமை அவள் போத்தல் மூடிகளில் மட்டும் பூசினாள். பூசிவிட்டு யோசித்தாள்.

"இஞ்சேருங்கோ, மூடிக்குப் பூசி என்ன பலன்? தூளுக்கெல்லோ படவேணும்."

மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டு மூடினாள். நான் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு வருவதில் என்னைப் பற்றி நல்லதாக நம்ப அதிகம் இல்லை.

ராகுலனுக்கு என்ன காத்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஜேர்மனியில் உலைச் செங்கல் செய்யும் ஒரு நிறுவனம் அவனை எடுக்க விரும்பியது. அவன் முதலில் அனுப்பிய முடிவுகள் திரும்பச் செய்தாலும் அப்படியே வரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நாகேஸ்வரி அதற்காகத்தான் கும்பிட்டாள். "எங்களுக்கென்ன, நாங்கள் எப்பிடியும் இருந்திடுவம், பிள்ளை போய்ச் சேரட்டும்" என்பாள்.

அடுத்த கிழமை ராகுலன் எக்ஸ் கதிர்ப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். கூரான மலைகள் வரவேண்டிய இடத்தில் தட்டையாக ஒரு மேடு இருந்தது. கண்ணாடி. "அப்பா, முல்லைற்று பாதிகூட இல்லை. என்ன பிழை விட்டனான் எண்டு விளங்கேல்லை" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. காரத்தன்மையான ஏதோ கலந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாகேஸ்வரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனி வெள்ளையாக இருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் இருந்து மகள் தனுஷியா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசிக்குள் வந்துவிட்டுப் போவாள். பனியைக் காட்டினாள். பேரப்பிள்ளை என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிட்டது. பிறகு படம் உறைந்து நின்றுவிட்டது. நாகேஸ்வரி அந்த உறைந்த முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். இந்தத் தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கிழடுகளும் ஒரு தொலைபேசியும்தான் மிச்சம். ராகுலனும் அதற்குள் போய்விட்டால் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பயம்தான். சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று சோற்றைச் சாப்பிட்டேன்.

நாளை வந்தது. சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தது.

நான் செய்ததென்ன என்று கேட்டால், முதல் இரண்டு மாதமும் நான் ஒன்றுமே செய்யவில்லை. நாகேஸ்வரி போட்டாள், ராகுலன் குலுக்கினான், பழனிமுத்து சுட்டார். மூன்று பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். நான் பத்திரிகை வாசித்தேன். இன்றுவரை அந்தப் போத்தல்களில் ஒன்றின் மூடியைக்கூட நான் தொட்டதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து நாகேஸ்வரியின் தங்கை அனுப்பிய சாணத் திருநீறு முடிந்துவிட்டது. நாகேஸ்வரி காலி வீதிக் கடையொன்றில் பைக்கற்றுத் திருநீறு வாங்கினாள். அது பார்வைக்குத்தான் வெள்ளை. சத்தில்லாத சுண்ணாம்புத் தூள். அந்தக் கிழமை ராகுலன் படியேறும்போதே பாட்டுக் கேட்டது. "அம்மா, முக்கால்வாசி வந்திட்டுது" என்று தாயைத் தூக்கிச் சுற்றினான். ஜேர்மனிக்காரருக்கு நல்ல செய்தி சொல்லப் போவதாகச் சொன்னான். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் நான் வாழ்க்கையில் முதல்முறையாக நானாகவே கோயிலுக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் ஓமம் வளர்க்கும் கோயில் ஒன்று உண்டு. ஐயரிடம் ஓமச் சாம்பல் கேட்டு வாங்கினேன். விறகும் நெய்யும் எரிந்த சாம்பல், நல்ல வீரியம். கல்யாணம் கட்டிய காலம் முதல் நான் கோயில் வாசலில் செருப்புக் காவல் இருந்தவன். நான் சாம்பலோடு வந்து நின்றதைக் கண்டு நாகேஸ்வரி அழுதுவிட்டாள்.

"கடைசியா உங்களுக்கும் மனம் இரங்கிட்டுது. இனிப் பாருங்கோ, பிள்ளைக்கு எல்லாம் சரிவரும்."

அவளை அவ்வளவு சந்தோஷப்படுத்திய வேறு காரியம் நான் செய்ததாக நினைவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிதோறும் இரண்டு பேருமாகப் போனோம். எங்கள் பிற்காலத்தில் நல்ல மாதங்கள் அவை. பஸ்ஸில் யன்னல் பக்கத்தை அவளுக்குக் கொடுப்பேன்.

ஓமம் எல்லாக் கிழமையும் நடப்பதில்லை. ஆசிரியன் அல்லவா, மாற்று வழி யோசித்தேன். சாம்பல்களில் வாழைத்தோல் சாம்பலுக்கு நிகர் இல்லை. டொக்டரும் எனக்குப் பழம் சாப்பிடச் சொல்லியிருந்தார். காலையில் கோழிக்கூடு என்கிற இனத்து வாழைப்பழம் ஒன்று, மாலையில் ஒன்று. தோலைப் பல்கனியில் காயவைத்து, பழைய பால்மாத் தகரப் பேணியில் எரித்து, நாகேஸ்வரியின் தேங்காய்ப்பால் வடிகட்டியில் அரித்து, ஓமச் சாம்பலோடு கலந்து திருநீற்றுக் கிண்ணத்தை நிரப்பி வைப்பேன். எதிர்வீட்டு ரஜனி, "சேர் மரக்கன்றுக்கு உரம் செய்யிறார் போல" என்றாள். ஓம், உரம்தான் என்றேன். உரத்துக்கும் அது நல்லதுதான்.

ஒரேயொரு குறை, அந்தச் சாம்பல் கொஞ்சம் கடிக்கும். நாகேஸ்வரி அதையே நெற்றியிலும் பூசினாள். தோல் சிவந்து பொருக்கு விட்டது. "சாமி சோதிக்கிறார்" என்றாள். நான் மருந்துக் கடையில் நல்ல களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

ராகுலன் பட்டபாட்டை நீங்களே பார்த்தீர்கள். அரைக்கும் கிண்ணத்தை மாற்றினான், போக்சைற்றை மாற்றினான், தண்ணீரை மாற்றினான். அசுத்தம் பளிங்கை என்ன செய்யும் என்று ஆராய வந்தவனுக்குத் தன் அசுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கடற்காற்றில் உப்பு வருகிறதோ என்று ஒருநாள் என்னிடம் கேட்டான். "இருக்கலாம் தம்பி, இந்தப் பக்கத்துக் காத்து பொல்லாதது" என்றேன். அவன் போத்தல்களைப் பொலித்தீனால் சுற்றினான். நாகேஸ்வரி மிகவும் கவனமாக அதை அவிழ்த்து, போட்டுவிட்டு, திரும்பச் சுற்றி வைத்தாள். கடைசியில் அவனுக்குப் பழனிமுத்துவின் மேல் சந்தேகம் வந்தது. சூட்டைச் சரியாக ஏற்றவில்லை என்று தொழிற்சாலையில் முறையிட்டான். அவர்கள் பழனிமுத்துவை உலையிலிருந்து எடுத்து மூட்டை ஏற்றும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனவருத்தமாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டேன்.

நான் கணக்கில் எடுக்காதது நாகேஸ்வரியைத்தான். தோல்வி கூடக் கூட அவள் விரதமும் கூடியது. வெள்ளி பிடித்தவள் செவ்வாயையும் சேர்த்தாள். பிறகு திங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தாள். கை நடுங்கும், வியர்க்கும். வேண்டாமப்பா, சாப்பிடு என்று நான் கெஞ்சியிருக்கிறேன். புருஷனாகக் கெஞ்சினேன். இரசாயனவியல் ஆசிரியராக ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே சாப்பிட்டிருப்பாள். அது எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் தெரிந்திருந்தது.

கொட்டாஞ்சேனைக் கோயில் படியில்தான் விழுந்தாள். மயக்கம். என் கையில் இருந்த சாம்பல் பொட்டலத்தை வைக்க இடம் தேடியதில் பிடிக்கப் பிந்திவிட்டேன். இடுப்பெலும்பு. சத்திரசிகிச்சை செய்தார்கள், இனி முன்போல நடப்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வைத்தியசாலைக் கட்டிலில் கண் விழித்ததும், "பிள்ளையின்ர முல்லை என்னமாதிரி?" என்று கேட்டாள். நான் வெளியே போய் விறாந்தையில் அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

ராகுலன் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டான். "அம்மாவை இப்பிடி விட்டிட்டு நான் எங்கையும் போகேல்லை அப்பா." நான் அவன் தோளைத் தட்டினேன். பரிசோதனைகளில் இப்படி நடப்பதுண்டு. எதிர்பார்த்த விளைவு எதிர்பாராத வழியால் வந்து சேரும்.

அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் இருந்தேன். நீங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் பாதியை உங்கள் அலுமாரியில் பூட்டி வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. உலை திருத்தி வந்ததும் அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஊசிகள் அழகாக வளர்ந்திருக்கின்றன. நல்ல ஆசிரியை நீங்கள். கெட்டுப்போன வில்லைகளை இந்தியாவுக்கு அனுப்பி, பொற்றாசியமும் பொசுபரசும் இருப்பதாக அறிக்கை எடுத்திருக்கிறீர்கள். பொசுபரசு எங்கிருந்து வந்தது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, நாகேஸ்வரியைச் சுகம் விசாரிக்க வந்த இடத்தில் சாமித் தட்டில் இரண்டும் உள்ள சாம்பலைப் பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது நீங்கள் சொல்வதும் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஒரே தூளுக்கு இரண்டு விதமான முடிவு வந்ததால், முதல் முடிவுகளை ராகுலன் பொய்யாக எழுதினான் என்று ஜேர்மனியில் நினைக்கிறார்கள். மாத முடிவுக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை மட்டும் போகாது, இந்தத் துறையில் அவன் பெயரே போய்விடும்.

"ஒரு வரி எழுதித் தாங்க சேர். யாரு போட்ட, ஏன் போட்டண்டு. நான் அனுப்புறேன். ராகுலன்ட பேரு சுத்தமாகும்."

எழுதலாம். ஆனால் யார் போட்டது என்று எழுதுவது? நாகேஸ்வரி போட்டாள். அதுதான் உண்மை. ராகுலன் அதை வாசிப்பான். எவ்வளவு மறைத்தாலும் ஒருநாள் அவளுக்குத் தெரியவரும். மகனின் எதிர்காலத்தைத் தன் விரலாலேயே சிட்டிகை சிட்டிகையாக அழித்தேன் என்று தெரிந்தால், உள்ளே படுத்திருக்கும் அந்த மனுஷி தாங்குவாளா? நான் அறிந்திருந்தேன் என்று எழுதினாலும் முடிவு அதேதான். போட்ட கை அவளுடையது. இதை யோசித்துத்தான் நான் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை. அவளைக் காப்பாற்ற என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

இனி நீங்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னால் அந்த மனுஷி சாவாள், சொல்லாவிட்டால் ராகுலன் பெயர் கொஞ்சம் அழுக்காகும். அழுக்கான பெயரோடு வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் நன்றாகச் சீவிக்கிறார்கள். ரியூஷன் கொடுக்கலாம், இரசாயனவியலுக்கு எப்போதும் பிள்ளைகள் வரும். உங்களை இப்படி இழுத்துவிட்டது எனக்கு விருப்பமில்லை, ஆனால் கேட்டது நீங்கள்.

ஏன் எழும்புகிறீர்கள்? இருங்கள். உள்ளே இருந்து கூப்பிடுகிறாள், கேட்டீர்களா?

"இஞ்சேருங்கோ, ராகுலன்ர மிஸ்ஸோ வந்திருக்கிறா? பெட்டி கொண்டு வந்தவவோ? இஞ்ச கொண்டரச் சொல்லுங்கோ, நான் ஒருக்கா கும்பிட்டு விடுறன்."

பார்த்தீர்களா, படுக்கையில் கிடந்தும் அவளுக்கு அந்த நினைவுதான். பிள்ளை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஒரே பிடி. அவன் போனபிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்துப் பார்க்காத மனுஷி.

பெட்டியை அப்படி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கத் தேவையில்லை, டொக்டர், இங்கே ஒருவரும் பறிக்க மாட்டார்கள். படியில் சத்தம் கேட்கிறது. ராகுலன்தான். என்னைப் பற்றி ஏதும் தப்பாக நினைக்கிறீர்கள் என்றால் அவனையே கேட்டுப் பாருங்கள். போகாதே என்று நான் அவனுக்கு இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கும் தகப்பன் நான் இல்லை.